தளை தட்டுகிறது, நண்பரே

எச். பி. லவ்கிராஃப்ட் என்ற பெயரைக் கேட்டதும் ஆக்டோபஸ் தலையோடு கடலுக்கடியில் தூங்கும் கதுல்ஹுதான் பலருக்கும் ஞாபகம் வரும். திகில் கதை வாசிப்பவர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. ஆனால் 1914இலிருந்து ஏழெட்டு வருடம் அவர் அதிகமும் எழுதியது கவிதை. கவிதை சுமார்தான். சுமார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் உட்கார்ந்துகொண்டு, இருநூறு வருடத்துக்கு முந்தைய அலெக்சாண்டர் போப் மாதிரி ஈரடி ஈரடியாக, அடிக்குப் பத்து அசை என்ற கணக்குப் பிசகாமல் எழுதித் தள்ளினார்.

நான் இங்கே எழுத வந்தது அந்தக் கவிதைகளைப் பற்றி இல்லை. அவற்றை வாசித்துவிட்டு 'இந்த இடம் இடிக்கிறதே' என்று சொன்ன சில நண்பர்களைப் பற்றி. அந்த நண்பர்களின் கவிதைகளை அவர் பதிலுக்கு எப்படி வாசித்தார் என்பதைப் பற்றி. கவிதையை நம்பிப் பிழைத்தவர் என்று இவர்களில் யாரும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார், மாட்டுப்பண்ணைக்காரர், பழைய புத்தகம் விற்றவர், இப்படி. லவ்கிராஃப்ட்டின் கடிதத் தொகுதிகளைக் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பூதங்களைவிட இந்த மனிதர்கள்தான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் ஆளைப் பற்றி நாலு வரி. 1890இல் அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தில், ப்ராவிடன்ஸ் நகரத்தில் பிறந்தவர். அப்பா மனநல மருத்துவமனையில் இறந்துபோனார், பையனுக்கு அப்போது எட்டு வயதுகூட ஆகவில்லை. 1908இல் நரம்புத் தளர்ச்சி என்று உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஐந்து வருடம் அம்மாவோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வேலை இல்லை, பட்டம் இல்லை, நண்பர்கள் என்று சொல்லவும் பெரிதாக யாரும் இல்லை. பத்திரிகைகளை மட்டும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு சண்டை. 'ஆர்கஸி' என்ற ஜனரஞ்சகப் பத்திரிகையில் ஃப்ரெட் ஜாக்சன் என்பவர் உருகி உருகிக் காதல் கதை எழுதிக்கொண்டிருந்தார். நம் ஆளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1913இல் ஆசிரியருக்குக் கடிதம் போட்டுத் தாக்கினார். ஜாக்சனின் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஃப்ளோரிடாவிலிருந்து ஜான் ரஸ்ஸல் என்பவர் செய்யுளிலேயே பதில் அனுப்பினார். இவரும் செய்யுளில் திருப்பிக் கொடுத்தார். வாசகர் கடிதப் பக்கத்தில் மாதக் கணக்கில் இந்த வசைப் போர் நடந்தது. கடைசியில் இருவரும் சமாதானமாகி ஒன்றாகவே விடை சொல்லிக்கொண்டார்கள். இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த எட்வர்ட் டாஸ் என்பவர் இரண்டு பேரையும் தங்கள் சங்கத்தில் சேரச் சொல்லி அழைத்தார். 1914 ஏப்ரலில் லவ்கிராஃப்ட் சேர்ந்துகொண்டார்.

அந்தச் சங்கத்தின் பெயர் 'யுனைடெட் அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன்'. நம் ஊர்க் கையெழுத்துப் பத்திரிகைகளை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அச்சில். 1860களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் மேசைமேல் வைத்து இயக்கும் சின்னக் கையச்சு இயந்திரங்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. பையன்கள் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கி நாலு பக்கப் பத்திரிகை போட்டார்கள். விற்பதற்கு இல்லை, ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வதற்கு. 1876இல் இவர்களுக்கென்று 'நேஷனல்' என்ற சங்கம் உருவானது. 1895இல் அதற்குப் போட்டியாக 'யுனைடெட்'. இந்த இரண்டாவதை ஆரம்பித்தவரும் பதின்வயதுப் பையன்தான். லவ்கிராஃப்ட் சேர்ந்த காலத்தில் பெரியவர்களும் நிறையவே இருந்தார்கள். அச்சு இயந்திரம் இல்லாதவர் தன் கவிதையைக் கையெழுத்துப் பிரதியாகச் சங்கத்துக்கு அனுப்பலாம், இயந்திரம் வைத்திருப்பவர் யாராவது எடுத்துப் போடுவார். பணம் கிடையாது. கிடைப்பதெல்லாம் நாலு பேர் வாசிப்பதும், அதில் ஒருவராவது ஏதாவது சொல்வதும்தான்.

அப்படிச் சொல்வதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். உறுப்பினர்கள் வெளியிடும் பத்திரிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சங்கத்தின் அதிகாரபூர்வ இதழில் விமர்சிக்கும் பொது விமர்சனத் துறை. சேர்ந்த அதே வருடத்தின் கடைசியில் லவ்கிராஃப்ட்டை அதற்குத் தலைவராக்கினார்கள். வீட்டை விட்டு வெளியே வராத, இருபத்து நாலு வயது ஆளிடம் இவ்வளவு பேருடைய கவிதையும் வந்து குவிந்தது. அவரும் அசராமல் வேலை செய்தார். எந்த அடியில் அசை கூடிவிட்டது, எந்தச் சொல்லில் அழுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது, எந்த இயைபு பொய் இயைபு என்று வரி வரியாக எழுதினார். ஒன்பதாவது படிக்கிற பையன் எழுதியதாக இருந்தாலும் ஒதுக்கியதில்லை. முதலில் ஒரு பாராட்டு, பிறகு பிழைப்பட்டியல், கடைசியில் இன்னாரை வாசித்துப் பார் என்று ஒரு யோசனை. நம் தமிழாசிரியர்கள் வெண்பாவைத் திருத்துவார்களே, ஏறக்குறைய அதே பாணி. இந்தத் தொல்லை அவருக்கே தெரிந்துதான் இருந்தது. 1917இல் 'இயைபு விமர்சகர் ஒருவரின் மரணம்' என்று தனக்குத் தானே ஒரு கேலி இரங்கற்பா எழுதி வெளியிட்டுக்கொண்டார்.

ஆனால் அவர் கவிதையை யார் திருத்துவது?

ப்ரூக்ளினில் ரைன்ஹார்ட் க்ளைனர் என்று ஒருவர் இருந்தார். இலேசான, நளினமான செய்யுள்கள் எழுதுவார். நடிகை மேரி பிக்ஃபோர்டைப் பற்றி அவர் ஒரு கவிதை எழுத, லவ்கிராஃப்ட் பதிலுக்குச் சார்லி சாப்ளினைப் பற்றி எழுதினார். அந்த மாதிரி உறவு. இந்த க்ளைனர்தான், ஊரெல்லாம் இயைபைத் திருத்துகிறவரின் இயைபே சரியில்லை என்று 1915இல் சொன்னவர். சொன்னதில் நியாயம் இருந்தது. போப் காலத்து உச்சரிப்பில் 'ஜாயின்' என்பதும் 'லைன்' என்பதும் காதுக்கு ஒத்துப்போகும். அன்று ஜாயினை 'ஜைன்' என்பது போலத்தான் சொன்னார்கள். 1915இல் ப்ரூக்ளினில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். லவ்கிராஃப்ட்டோ பழைய புத்தகங்களிலேயே வளர்ந்தவர். கண்ணுக்கு ஒத்துப்போனால் போதும், பெரியவர்கள் அனுமதித்த இயைபுதானே என்பது அவர் கட்சி.

அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் சொந்தப் பத்திரிகையான 'கன்சர்வேட்டிவ்' 1915 அக்டோபர் இதழில் 'அனுமதிக்கத்தக்க இயைபு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். க்ளைனரின் குறையை எடுத்துச் சொல்லி, ஆங்கிலக் கவிதையில் இயைபு எப்படியெல்லாம் தளர்ந்தும் இறுகியும் வந்திருக்கிறது என்று சரித்திரம் விரித்து, கடைசியில் தன் கையை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று முடித்தார். ஒரு நண்பர் ஒரு சின்னக் குறை சொன்னால் ஒரு இலக்கிய வரலாறே பதிலாக வருகிறது! இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாம். எனக்கு என்னவோ அப்படித் தோன்றவில்லை. க்ளைனர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், தான் ஏன் இப்படி எழுதுகிறோம் என்று அவர் ஒருநாளும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்.

க்ளைனர் ப்ராவிடன்ஸுக்கு நேரில் போயும் பார்த்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போது மணிக்கு ஒரு தரம் அம்மா ஒரு டம்ளர் பாலோடு வாசலில் வந்து நிற்பாராம். மகனும் மறு பேச்சில்லாமல் வாங்கிக் குடிப்பாராம். பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் க்ளைனர் இதைப் பதிந்துவைத்திருக்கிறார். அச்சில் அவ்வளவு அதிகாரமாகத் தீர்ப்புச் சொன்ன விமர்சகர் இவர்தான்.

இரண்டாவது நண்பர் மாரிஸ் மோ. விஸ்கான்சினில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர், பக்தியுள்ள கிறித்தவர். லவ்கிராஃப்ட்டோ பச்சை நாத்திகர். இரண்டு பேரும் கடவுளைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள், நட்பு அறுந்ததே இல்லை. இந்த மோ ஆரம்பத்திலேயே, 1914 கடைசியிலேயே, இந்த ஈரடியை விட்டுத் தொலையுங்கள், வேறு வடிவம் முயன்று பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு லவ்கிராஃப்ட் எழுதிய பதில் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டது. வடிவத்தை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை, எனக்கு உண்மையான கவித்திறன் கிடையாது, யாப்பில் நான் எடுத்துக்கொள்ளும் கவனம்தான் என் செய்யுளை முழுக் குப்பையாகாமல் காப்பாற்றுகிறது என்கிற பொருளில் எழுதுகிறார். பொதுவில் க்ளைனரிடம் அப்படி வாதாடியவர், மோவிடம் அந்தரங்கமாக இதை ஒத்துக்கொள்கிறார். மரபில் எழுதிப் பழகிய எத்தனையோ பேர் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமலே போகிற விஷயம் இது.

இந்த இரண்டு பேரும், கான்சாஸ் மாநிலத்து மாட்டுப்பண்ணைக்காரரான ஐரா கோல் என்பவரும், லவ்கிராஃப்ட்டும் சேர்ந்து ஒரு சுற்றுக் கடிதம் ஆரம்பித்தார்கள். பெயர் 'க்ளைகோமோலோ'. க்ளைனர், கோல், மோ, லவ்கிராஃப்ட் என்று நாலு பேரின் முதல் அசைகளைக் கோத்தது. க்ளைனர் எழுதிக் கோலுக்கு அனுப்புவார், கோல் தன்னுடையதைச் சேர்த்து மோவுக்கு, மோவிடமிருந்து லவ்கிராஃப்ட்டுக்கு, அவரிடமிருந்து திரும்ப க்ளைனருக்கு. கட்டு ஒரு சுற்று வந்ததும் தன் பழைய கடிதத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ப்ரூக்ளின் நகரவாசி, கான்சாஸ் புல்வெளிக்காரர், வாத்தியார், வீட்டை விட்டு வராதவர். இவர்கள் நேரில் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

எல்லாரிடமும் கறாராக இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். ஜானதன் ஹோக் என்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிழவர். 1831இல் பிறந்தவர். வயதான காலத்தில் கவிதை எழுதினார். 1918இலிருந்து 1927 வரை ஒவ்வொரு வருடமும் அவர் பிறந்தநாளுக்கு லவ்கிராஃப்ட் ஒரு வாழ்த்துப்பா எழுதியிருக்கிறார். விட்டுப்போன வருடமே கிடையாது. தொண்ணூற்று இரண்டு வயதில், 1923இல், கிழவரின் கவிதைகள் புத்தகமாக வந்தன. நண்பர்கள் கூடித் திருத்திக் கொடுத்தார்கள், முன்னுரை லவ்கிராஃப்ட். ஹோக்கின் செய்யுள் அவருடைய அளவுகோலில் தேறாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தொண்ணூறு வயதில் யாப்பு கற்றுக் கொடுத்து என்ன ஆகப்போகிறது. இந்த இடத்தில் எனக்கு ஆளைப் பிடித்துப்போகிறது.

பிடிக்காமல் போகிற இடத்துக்கும் வர வேண்டும். 1915இல், இயைபுச் சண்டைக்குச் சில மாதம் முன்னால், வேறொரு சண்டை. சார்ல்ஸ் ஐசக்சன் என்ற ப்ரூக்ளின்காரர் தன் பத்திரிகையில் வால்ட் விட்மனைப் புகழ்ந்து, இனவெறுப்பைக் கண்டித்து எழுதினார். ஐசக்சன் யூதர். லவ்கிராஃப்ட் 'கன்சர்வேட்டிவ்' ஜூலை இதழில் பதில் எழுதினார். விட்மனைத் திட்டியதோடு நிற்கவில்லை, எதிராளியின் இனத்தையும் இழுத்தார். வாசிக்கவே கூசுகிறது. உடனே ஜேம்ஸ் மார்ட்டன் களத்தில் இறங்கினார். ஹார்வர்டில் படித்தவர், அராஜகவாதி, 1906இலேயே இனவெறுப்பின் சாபம் பற்றி நூல் எழுதியவர். 'வெறிபிடித்த பழமைவாதம்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய பதிலில் இளைஞரை வெளுத்து வாங்கிவிட்டார். லவ்கிராஃப்ட் பதிலடியாக நீண்ட அங்கதச் செய்யுள் ஒன்று எழுதினார். ஆனால் வெளியிடவில்லை, மேசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பிறகு 1920இல் மார்ட்டனை நேரில் சந்தித்தபோது இருவரும் நெருங்கிய நண்பர்களாகி, கடைசிவரை அப்படியே இருந்தார்கள். இதைச் சரித்திரத்தின் வேடிக்கை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கருத்து மாறியதா என்றால், அவ்வளவு சுலபமாக மாறவில்லை. கடிதங்களில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் சாமுவேல் லவ்மனைப் பார்க்க வேண்டும்.

லவ்மன் க்ளீவ்லாந்துக்காரர், யூதர், லவ்கிராஃப்ட்டைவிட மூன்று வயது பெரியவர். இந்தக் கூட்டத்தில் உண்மையான கவிஞர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்வேன். ஆம்ப்ரோஸ் பியர்ஸ் இவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பின்னாளில் ஹார்ட் க்ரேனுக்கு நெருங்கிய நண்பர். பழைய அமெச்சூர் பத்திரிகைகளில் லவ்மனின் கவிதைகளைப் பார்த்த லவ்கிராஃப்ட், ஆளை அறியாமலேயே 1915இல் அவரைப் புகழ்ந்து ஒரு செய்யுள் வெளியிட்டார். லவ்மன் சங்கத்தைவிட்டு ஒதுங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. 1917இல் கடிதம் போட்டுத் தேடிப் பிடித்து, திரும்பவும் உள்ளே கொண்டுவந்தார்.

அந்த நவம்பரில் க்ளைனருக்கு இந்தச் செய்தியைத் தெரிவிக்கும் கடிதத்தில் இரண்டே சொற்கள் வருகின்றன. யூதரோ இல்லையோ, இவரை மறுபடி சேர்த்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான் என்கிறார். அந்த 'யூதரோ இல்லையோ'. எழுதும்போது அவருக்கு அது உறுத்தியே இருக்காது. பேச்சுவாக்கில் விழுகிற சொல். நம் ஊரிலும் ஒருவரைப் பாராட்டும்போது இப்படி ஓர் அடைமொழி முன்னால் வந்து விழுவதைக் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் லவ்மன்மேல் அவருக்கிருந்த மதிப்பு பொய்யும் இல்லை. லவ்மன் அவர் கனவிலேயே வந்தார். 1919 டிசம்பரில், ஒரு பழைய கல்லறைக்குள் லவ்மன் இறங்கிப்போய்த் திரும்பாமல் போவதாகக் கண்ட கனவை அப்படியே 'ராண்டால்ஃப் கார்ட்டரின் வாக்குமூலம்' என்று கதையாக்கினார். 1922 ஆகஸ்டில் க்ளீவ்லாந்துக்குப் போய் அவரைப் பார்த்தார். லவ்மன் வழியாகத்தான் கலிஃபோர்னியாக் கவிஞர் க்ளார்க் ஆஷ்டன் ஸ்மித் அறிமுகமானார். க்ளீவ்லாந்தில் இருந்துகொண்டே ஸ்மித்துக்கு முதல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்து பதினைந்து வருடம் நீண்டது, இருவரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்துக்கொள்ளவில்லை.

1924இல் லவ்கிராஃப்ட்டுக்குக் கல்யாணம். மூன்று வருடம் முன்பு பாஸ்டனில் நடந்த அமெச்சூர் மாநாட்டில் அறிமுகமான சோனியா க்ரீன்தான் மணமகள். உக்ரைனில் பிறந்த யூதப் பெண். தம்பதி நியூயார்க்கில் குடியேற, கடிதத்தில் மட்டும் இருந்த நண்பர்கள் வாரம் ஒரு வீட்டில் கூட ஆரம்பித்தார்கள். க்ளைனர், மார்ட்டன், லவ்மன் எல்லாரும். பெயர்கள் ஆங்கிலத்தில் கே, எல், எம் என்ற எழுத்துகளிலேயே ஆரம்பிப்பதைக் கவனித்து 'கேலெம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் குடும்பம் சிதைந்து, லவ்கிராஃப்ட் ப்ராவிடன்ஸுக்கே திரும்பிவிட்டார். நியூயார்க்கில் புலம்பெயர்ந்தோரைப் பார்த்து அவருக்கு வந்த வெறுப்பு அந்தக் காலத்துக் கடிதங்களில் கொட்டிக் கிடக்கிறது. கொட்டியது அத்தைமார்களுக்கும் இன்னும் சிலருக்கும் எழுதியவற்றில். லவ்மனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

இதற்கிடையில் கவிதைக்கு என்ன ஆயிற்று? அதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த திருப்பம். மோ தன் மாணவர்களுக்காகக் 'கவிதையின் வாசல்கள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாடநூல் எழுதினார். 1920களின் கடைசியில் அந்தக் கையெழுத்துப் பிரதியை லவ்கிராஃப்ட் திருத்திக் கொடுத்தார். மற்றவர் எழுத்தைத் திருத்துவதுதான் அப்போது அவருக்குப் பிழைப்பு, ஆனால் மோவிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். நல்ல கவிதை எது, பழகித் தேய்ந்த சொல் எது, உவமை எப்போது செத்துப்போகிறது என்று ஒரு வாத்தியார் பையன்களுக்கு விளக்கியதை வரி வரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதை முடித்த கையோடு, வருடக் கணக்கில் பெரும்பாலும் ஓய்ந்திருந்த செய்யுள் அவரிடம் மறுபடி பொங்கியது. 1929 டிசம்பர் 27இலிருந்து 1930 ஜனவரி 4 வரை, ஒன்பதே நாளில், 35 சானெட்டுகள். 'யக்காத்தின் காளான்கள்' என்ற அந்தத் தொடர்தான் கவிஞர் லவ்கிராஃப்ட் என்று யாராவது இன்றைக்குப் பேசினால் பேசுவது. போப்பின் பழைய சரிகைச் சொற்கள் போய், பேசுகிற மாதிரி நேரான ஆங்கிலம். டொனால்ட் வான்ட்ரீ என்ற இளைஞர் எழுதிய சானெட் தொடரும் ஒரு தூண்டுதல் என்பார்கள், இருக்கலாம். ஆனால் 1914இல் மோ நேரடியாகச் சொன்னபோது ஏறாதது, பதினைந்து வருடம் கழித்து மோவின் பிழையைத் திருத்த உட்கார்ந்தபோது ஏறியிருக்கிறது. அந்தப் பாடநூல் அச்சேறவே இல்லை.

1936 ஆகஸ்டில் இன்னொரு நாள். ப்ராவிடன்ஸில் செயின்ட் ஜான் தேவாலயத்தின் பழைய கல்லறைத் தோட்டம். எட்கர் ஆலன் போ ஒரு காலத்தில் சுற்றிய இடம். லவ்கிராஃப்ட், பதினெட்டு வயது ராபர்ட் பார்லோ, எழுபதைத் தாண்டிய அடால்ஃப் டி காஸ்ட்ரோ என்ற மூவரும் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்து, போவின் பெயரெழுத்துகளை அடிதோறும் முதலெழுத்தாக வைத்து ஆளுக்கொரு கவிதை எழுதினார்கள். நம் சித்திரகவி விளையாட்டு மாதிரி. பெயரில் மொத்தம் பதின்மூன்று எழுத்துதான், எனவே ஓர் அடி குறைந்த சானெட். கிழவர் விவரமானவர். தன்னுடையதை உடனே 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகைக்கு அனுப்பி விற்றுவிட்டார். மற்ற இருவரும் அனுப்பியபோது ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டதே என்று திருப்பிவிட்டார்கள். செய்தி கேள்விப்பட்ட மோ சும்மா இருக்கவில்லை, தானும் ஒன்று எழுதி, நாலையும் சேர்த்துப் பிரதியெடுத்துத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த மார்ச்சில், 15ஆம் தேதி, குடல் புற்றுநோயில் லவ்கிராஃப்ட் இறந்துபோனார். வயது நாற்பத்தாறு.

1921இல் ஒரு கூட்டத்துக்காக, 'அமெச்சூர் உலகமும் நானும் ஒருவருக்கொருவர் செய்தது' என்று அவர் ஓர் உரை எழுதியிருக்கிறார். சேருவதற்கு முன் மண்ணுக்கடியில் கிடக்கும் உருளைக்கிழங்குக்கும் எனக்கும் வித்தியாசமில்லை, இவர்கள்தான் உயிர் கொடுத்தார்கள் என்கிறார். 1920இல் எழுதிய இன்னொன்றில், இந்தச் சங்கம் பேதமில்லாமல் எல்லாருக்கும் திறந்துவிட்ட பல்கலைக்கழகம் என்கிறார். பேதமில்லாமல்! அவரே எழுதியதுதான்.

லவ்மன் அவருக்குப் பிறகு 39 வருடம் வாழ்ந்தார். நியூயார்க்கில் பழைய புத்தக வியாபாரம். 1940களின் கடைசியில் லவ்கிராஃப்ட்டைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுதினார், முழுக்கப் பாசம். பிறகுதான் சோனியா மூலமாக விஷயம் தெரியவருகிறது. தன்னைக் கொண்டாடிய அதே ஆள் தன் இனத்தைப் பற்றி மற்றவர்களிடம் என்னவெல்லாம் பேசினார், எழுதினார் என்று. 1975இல், எண்பத்தெட்டு வயதில், லவ்மன் இன்னொரு கட்டுரை எழுதினார். பாசமெல்லாம் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அறுபது வருடத்துக்கு முன் தன் கவிதையைத் தேடிவந்து பாராட்டிய மனிதரை வேஷக்காரர் என்கிறார். கோபத்தில் எழுதிய கட்டுரைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அவர் வைத்த தலைப்பைப் பாருங்கள்: 'பொன்னும் மரத்தூளும்'. பொன் என்ற சொல்லை அந்தக் கோபத்திலும் அவர் அடிக்கவில்லை. மறு வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.